பத்தடி தூரத்தில் ஒரு நாற்காலி

“கட்டிலை எடுத்துட்டுப் போகவா, வேணாமா?”

“மூணு மாசத்துக்கு எதுக்குக் கட்டில்? படுக்கை மட்டும் போதும்.”

“மூணு மாசம்னு யாரு சொன்னது?”

“அதுக்குள்ள ஊருக்கு நடுவுல ஒரு வீடு கிடைச்சுடும். நல்லதா பாக்கலாம். அவசரப்பட்டு எதுலயாவது போய் மாட்டிக்கக் கூடாது.”

“சரி, உக்கார ஒரு நாற்காலியாவது?”

“ஒண்ணு எடுத்துக்கோ. இங்க எனக்கு ஒண்ணு போதும்.”

ஐந்து வருடங்களுக்கு முன்னால் அவனும் அவன் மனைவியும் பேசிய பேச்சு இது. ஒரு சொல் விடாமல் அவனுக்கு நினைவிருக்கிறது. நாற்காலியைப் பற்றிச் சொன்ன பிறகு அவன் வாயிலிருந்து இன்னொரு வாக்கியம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதனால்தான் மற்றதெல்லாம் இவ்வளவு தெளிவாக நினைவில் நின்றுவிட்டதோ என்னவோ.

அவள் மருத்துவமனையில் எக்ஸ்-ரே எடுப்பவள். நகரத்தின் மறுகோடியில் மருத்துவமனைக்குப் புதுக்கட்டடம் வந்தபோது அவளை அங்கே மாற்றிவிட்டார்கள். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். பாதி நாள் சாலையிலேயே போய்விடும். எனவே அங்கேயே ஓர் அறையும் சமையலறையும் பார்த்துக்கொண்டாள். அவனோ அப்போது பத்திரிகைகளுக்கு வீட்டிலிருந்தபடியே எழுதிக்கொண்டிருந்தான். மேசையும் பேனாவும் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை. ‘நானும் உன்கூடவே அங்க வந்துடட்டுமா?’ என்று கேட்க நினைத்தான். தொண்டை வரை வந்தது. ஆனால் கையை வீசிக்கொண்டு அப்படிக் கேட்பதா, நல்ல வீடாக ஒன்று பார்த்துவிட்டுக் கேட்கலாம் என்று விழுங்கிவிட்டான்.

நல்ல வீடு கிடைக்கவில்லை. ஒன்றில் மேற்கு வெயில் நேராக உள்ளே அடித்தது. ஒன்றில் பக்கத்துச் சுவர் தச்சுப்பட்டறை. ஒன்றில் குறை சொல்ல எதுவுமே இல்லை. ஆனால் அடுத்த தெருவில் புதிதாக ஓர் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. அது இதைவிட நன்றாக இருக்கும் போலத் தோன்றியது. முதலில் வாரா வாரம் அவளைப் பார்க்கப் போனான். பிறகு மாதத்துக்கு ஒரு தடவை. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன், அதுவும் எல்லா ஞாயிறும் அல்ல. சண்டை போட்டிருந்தால் சமாதானம் பண்ணவாவது நாலு பேர் வந்திருப்பார்கள். சண்டை போடாதவர்களைச் சேர்த்துவைக்க யார் வருவார்கள்?

இப்போது அவன் ஒரு நாளிதழில் வேலை பார்க்கிறான். சனிக்கிழமை இணைப்பில் ‘வாங்கலாமா?’ என்று கேள்வி-பதில் பகுதி எழுதுகிறான். குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், ரேடியோ, டிவி என்று வீட்டுக்கு வாங்கும் எதைப் பற்றியும் வாசகர்கள் கேட்கலாம். சேர்ந்த புதிதில் அவன் எழுதிய பதில்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. இதில் இந்த நன்மை, அதில் அந்த நன்மை, இரண்டையும் பார்த்து வாசகரே முடிவு செய்துகொள்ளலாம். ஆசிரியர் அம்மா மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தார்.

“ஏம்ப்பா, முடிவை அவங்களே எடுக்கறதுன்னா உனக்கு எதுக்கு அரைப் பக்கம்?” என்றார். “இனிமே ஒவ்வொரு பதிலும் கடைசியில ஒரே வார்த்தையில முடியணும். தடிச்ச எழுத்துல. ஒண்ணு ‘வாங்கலாம்’, இல்ல ‘பொறுக்கலாம்’. மூணாவதா ஒண்ணு கிடையாது.”

அன்றிலிருந்து அதுதான் விதி. அலுவலகத்தில் அவனுக்கு ‘பாக்கலாம்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். டீ குடிக்கக் கூப்பிட்டாலும் அதைத்தான் சொல்வான். அப்படிப்பட்டவன் வாரத்துக்கு நாலு தடவை தடித்த எழுத்தில் முடிவெடுக்கிறான் என்பது அவர்களுக்குத் தீராத வேடிக்கை. அவன் வீட்டில் டிவியே இல்லை என்பது தெரிந்திருந்தால் இன்னும் கொண்டாடியிருப்பார்கள். பதினொரு வருடத் திருமண வாழ்க்கையில் அவன் டிவி வாங்கவே இல்லை. ஒவ்வொரு முறை கடை வாசல் வரை போகும்போதும் அடுத்தது ஒன்று வருவதாக இருந்தது.

அந்த வருடம் எல்லோரும் எச்.டி. பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டிஜிட்டல் டிவி கடைகளுக்கு வந்து சேர்ந்து மூச்சுவிடுவதற்குள், படம் இன்னும் பல மடங்கு துல்லியமாக இருக்கும் எச்.டி. ஒளிபரப்பு வரப்போகிறது என்று செய்தி வந்துவிட்டது. இப்போது வாங்கினால் அது வந்தபிறகு இந்தப் பெட்டி என்ன ஆகும்? இதே கேள்வி பல கையெழுத்துகளில் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை வந்த தபால் கட்டுக்குள் இந்தக் கடிதமும் இருந்தது.

‘ஐயா, டிஜிட்டல் டிவி ஒன்று வாங்க நினைக்கிறேன். இருபத்தோரு அங்குலம் போதும். எச்.டி. வரப்போகிறது, இப்போது வாங்குவது வீண் என்கிறார்கள். என் அறையில் டிவி வைக்கப்போகும் சுவருக்கும் உட்காரும் இடத்துக்கும் பத்தடி. எதிரே ஒரு நாற்காலி. பார்க்கப்போவது நான் மட்டும். வாங்கலாமா? – ஒரு வாசகி.’

கடிதத்தின் வலது மேல் மூலையில் தேதி. அதைச் சுற்றி ஒரு சிறிய கட்டம். எக்ஸ்-ரே பிலிமின் மூலையில் நோயாளியின் எண்ணை எழுதிக் கட்டம் போடும் பழக்கம் அவளுக்கு எல்லாவற்றிலும் உண்டு. பால்காரருக்கு எழுதும் சீட்டில்கூட அந்தக் கட்டம் இருக்கும்.

அவன் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு மற்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதினான். பிறகு மறுபடி எடுத்தான்.

விடை கடினமானது அல்ல. எச்.டி. வந்தாலும் சாதாரண டிஜிட்டல் ஒளிபரப்பு பல வருடங்கள் கூடவே ஓடும். ஓடாமல் போனாலும் டிவியோடு இணைக்க ஒரு சிறு பெட்டி போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, இருபத்தோரு அங்குலத் திரையைப் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால் அந்தப் பல மடங்குத் துல்லியத்தைக் கண்ணால் பிரித்தறியவே முடியாது. நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு பள்ளி ஆசிரியருக்கு இதையெல்லாம் எழுதி ‘வாங்கலாம்’ என்று அவனே முடித்திருந்தான்.

ஆனால் இப்போது அவன் கண்ணில் பட்டது வேறு. எதிரே ஒரு நாற்காலி. பார்க்கப்போவது நான் மட்டும். மூன்று மாதத்துக்குப் போனவள் டிவி வாங்க மாட்டாள். சுவரைப் பார்த்து, தூரத்தை அளந்து, மேசை போட்டு ஒரு டிவியை வைக்கிறவள் அங்கேயே இருந்துவிடத் தீர்மானித்தவள். வாங்கிவிட்டால் அப்புறம் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

அவன் எழுதினான்: ‘தொழில்நுட்பம் வேகமாக மாறிவரும் இந்த நேரத்தில் அவசரம் வேண்டாம். எச்.டி. ஒளிபரப்பு எப்படி அமைகிறது என்று தெரிந்தபின் முடிவெடுப்பது நல்லது.’ கீழே, தடித்த எழுத்தில்: பொறுக்கலாம்.

சனிக்கிழமை வெளியானது. திங்கட்கிழமை காலை போன் வந்தது. அவன் புதுப் பெட்டிகளைப் போட்டுப் பார்ப்பதற்குப் போகும் கடையின் முதலாளி.

“சார், எம்மேல எதாவது கோவமா?”

“ஏன், என்ன ஆச்சு?”

“ரெண்டு நாளா வர்றவங்க எல்லாம் டிவிய முன்னாடி பாக்கறாங்க, பின்னாடி பாக்கறாங்க, தடவிக் குடுக்கறாங்க. அப்புறம் ‘பொறுக்கலாம்னு போட்டிருக்கே’ன்னு சொல்லிட்டுப் போறாங்க. பொறந்த குழந்தைய பாக்க வந்தவங்க மாதிரி.”

“எச்.டி. வருதுல்ல…”

“வரட்டும் சார், வேணாம்னா சொல்றேன்? எச்.டி. வந்தாலும் ஒண்ணும் ஆகாதுன்னு நாலு மாசம் முன்னாடி நீங்கதான் எழுதினீங்க. அதை வெட்டி நம்ம கடைக் கண்ணாடியில ஒட்டி வெச்சிருக்கேன். இப்ப அதை வெச்சிருக்கவா, கிழிக்கவா?”

“பாக்கலாம்” என்றான் அவன்.

“நல்லா பாத்தீங்க” என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் போனை வைத்தார்.

வியாழக்கிழமை ஆசிரியர் அம்மா கூப்பிட்டார். அவருடைய மேசையில் இரண்டு பத்திரிகை நறுக்குகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பள்ளி ஆசிரியருக்கு எழுதிய பதில் ஒன்று, வாசகிக்கு எழுதிய பதில் ஒன்று.

“உக்காரு. இந்த நாலு மாசத்துல டிவியில என்ன மாறிடுச்சு?”

“பெரிசா ஒண்ணும் இல்லம்மா.”

“கண்ணுல?”

“இல்ல.”

“அப்போ?” அவர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டு ஒரு கடிதத்தை எடுத்து வாசித்தார். “‘எங்கள் டிவி கெட்டுப்போய்ப் பத்து நாட்கள் ஆகின்றன. அம்மா படுக்கையில் இருக்கிறார். அவருக்கு அது ஒன்றுதான் பொழுதுபோக்கு. புதிதாக வாங்க இருந்தோம். உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுப் பொறுத்திருக்கிறோம். எத்தனை மாதம் என்று தெரிந்தால் அம்மாவிடம் சொல்ல வசதியாக இருக்கும்.’ சொல்லு. எத்தனை மாசம்னு எழுதட்டும்?”

அவன் மேசைமேல் இருந்த குண்டூசி டப்பாவை மூடித் திறந்து மூடினான்.

“யாரு இந்த வாசகி?”

“என் மனைவி.”

ஆசிரியர் கண்ணாடியை முழுவதுமாகவே கழற்றிவிட்டார். “உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

“பதினோரு வருஷம் ஆச்சும்மா.”

“நாலு வருஷமா எதிர்ல உக்காந்திருக்க. நானே உனக்குப் பொண்ணு பாக்கலாம்னு இருந்தேன்.” கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். “அவ டிவி வாங்கக் கூடாதுன்னு உனக்கு என்ன பிடிவாதம்?”

அவன் சொன்னான். மூன்று மாதம், நடுவில் ஒரு வீடு, மேற்கு வெயில், தச்சுப்பட்டறை, எல்லாம். முதல் முறையாக ஒருவரிடம் சொல்கிறான். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து வருடம் இவ்வளவு சுருக்கமாக இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

“ஆக, உன் ஒரு பொண்டாட்டிக்காக ஊரையே பொறுக்கச் சொல்லிட்டே.” அவர் குரலில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. “இந்த சனிக்கிழமை திருத்தம் வருது. எச்.டி. வருதுன்னு யாரும் பயப்பட வேணாம், இருக்கறதை வாங்கலாம், முன்னால எழுதினது தவறு. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள எழுதிக் குடு. உன் வீட்டு விஷயத்தை என் பக்கத்துல தீத்துக்காத. அதை வீட்ல போய்த் தீத்துக்கோ.”

“எந்த வீட்லம்மா?”

“அதையும் நான்தான் சொல்லணுமா?”

அவன் தன் இடத்துக்குத் திரும்பினான். அன்றைய தபால் காத்திருந்தது. மேலாக இருந்த உறையைப் பிரித்தான். வலது மேல் மூலையில் கட்டம் போட்ட தேதி. இந்த முறை ‘ஐயா’ இல்லை.

‘பதிலைப் படித்தேன். எங்கள் பிரிவில் இரண்டு பிலிம்களை எடுத்து விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினேன். ஒன்று மிகத் துல்லியமானது, ஒன்று சுமாரானது. பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். பதினாறு வருடமாக இதையே பார்க்கிற என் கண்ணுக்கு எது எதுவென்று தெரியவில்லை. பக்கத்து அறைப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கும் தெரியவில்லை. ஆகவே உங்கள் பதில் தவறு. உங்களுக்குத் தெரியாமல் எழுதினீர்களா, தெரிந்தே எழுதினீர்களா?

போனில் கேட்டால் பாக்கலாம் என்பீர்கள். அச்சில் அப்படிச் சொல்ல முடியாதே என்றுதான் பத்திரிகைக்கு எழுதினேன். நாலு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் வாசிக்கிறேன். யார் யாருக்கோ வாங்கலாம் என்கிறீர்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குக் கடைக்குப் போகிறேன்.’

அவன் திருத்தத்தை எழுதினான். நாலு வரி போதும் என்று நினைத்தது பதினெட்டு வரி வந்தது. எதையும் மழுப்பவில்லை. எச்.டி. ஒளிபரப்பு வருவதால் இன்று வாங்கும் டிஜிட்டல் டிவி வீணாகாது. பெரிய திரையை மிக அருகில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் மட்டும் யோசிக்கலாம். சென்ற வாரம் எழுதியது தவறு. அந்தத் தவறு தொழில்நுட்பம் தெரியாததால் நேர்ந்ததல்ல என்று ஒரு வரி எழுதி, அடித்து, மறுபடி எழுதினான். ஆசிரியர் அம்மா அந்த வரியில் கை வைக்கவில்லை. கீழே தடித்த எழுத்தில்: வாங்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கும்போது மணி மூன்றாகிவிட்டது. சட்டைப் பையில் அளக்கும் டேப் ஒன்று வைத்திருந்தான். வெறுங்கையோடு போகக் கூடாது என்பதற்காகப் பழம் வாங்கலாமா என்று பஸ் நிலையத்தில் யோசித்து, இன்னும் நல்ல கடை வழியில் இருக்கும் என்று நடந்து, கடைசியில் டேப்போடுதான் போய்ச் சேர்ந்தான். மாடிப்படியின் அடியில் வீட்டுக்காரம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். அவன் வந்து பல வருடம் ஆகியிருந்ததால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

“யாரைப் பாக்கணும்?”

“மாடியில… எக்ஸ்-ரே…”

“ஓ, டிவி விஷயமா வந்தீங்களா? வாங்கப் போறதா சொல்லிட்டிருந்தாங்க. கம்பி இழுக்கறதா இருந்தா என் மல்லிகைப் பந்தலை விட்டுத் தள்ளி இழுங்க தம்பி. போன தடவை வந்தவன் பந்தலையே இழுத்துட்டான்.”

“சரிம்மா” என்றான். நான் அவள் கணவன் என்று சொல்வதைவிட அது எளிதாக இருந்தது.

கதவு திறந்தே இருந்தது. அவள் வெளியே போகப் புடவை மாற்றிக்கொண்டு, கைப்பையைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் தேடுவதை நிறுத்தினாள். முன் நெற்றியில் நாலைந்து முடி நரைத்திருந்தது. அவனுக்கு அது புதிய செய்தி.

“வாங்க” என்றாள். “திருத்தம் படிச்சேன்.”

“சரியா இருந்துதா?”

“சரியா இருந்துது. பதினெட்டு வரி. எண்ணினேன்.”

அவன் அறையைப் பார்த்தான். கடைசியாக வந்தபோது ஜன்னலுக்குத் திரை கிடையாது. இப்போது இருந்தது. கட்டில் இருந்தது. சுவரோரம் ஓர் இரும்பு பீரோ. டிவிக்கென்று ஒரு சின்ன மேசையைத் துடைத்துக் காலியாக வைத்திருந்தாள். எதிர்ப்புறம் அந்த நாற்காலி. அவர்கள் ஜோடியாக வாங்கிய இரண்டு நாற்காலிகளில் ஒன்று. கைப்பிடியில் வார்னிஷ் போய் மரம் தெரிந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் டேப்பை எடுத்து அளந்தான். அவள் கேட்காமலே மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

“எட்டடி” என்றான். “பத்துன்னு எழுதியிருந்தே.”

“பீரோ வாங்கறதுக்கு முன்னாடி அளந்தது. அப்புறம் நாற்காலிய முன்னாடி தள்ள வேண்டியதா போச்சு. எட்டடின்னா பதில் மாறுமா?”

“மாறாது. இருபத்தோரு அங்குலத்துக்கு எட்டடியும் போதும்.”

“உக்காருங்க.”

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் கட்டிலில் உட்காராமல் மேசையில் சாய்ந்து நின்றாள். டிவி இருக்க வேண்டிய இடத்தில் அவள் இருந்தாள்.

“சொல்லுங்க. தெரியாமதான் எழுதினீங்களா?”

“தெரிஞ்சுதான் எழுதினேன்.”

“ஏன்?”

“நீ டிவி வாங்கிட்டா இது உன் வீடாயிடும்னு.”

“இது என் வீடுதான். அஞ்சு வருஷமா.” அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். “டிவி வாங்கினாதான் வீடுன்னா, நம்ம வீடு ஒரு நாளும் வீடாவே இல்லையே.”

கீழே வீட்டுக்காரம்மா துணியை உதறும் சத்தம் கேட்டது.

“ஒண்ணு கேக்கறேன்” என்றாள். “அந்த எச்.டி. வந்துட்டா என் டிவி கெட்டுப் போகுமா?”

“கெடாது.”

“படம் மங்கிடுமா?”

“மங்காது. இன்னிக்கு எப்படித் தெரியுதோ அப்படியேதான் தெரியும். வேணும்னா ஒரு பெட்டி வெச்சு அதையும் பாத்துக்கலாம்.”

“அப்போ பயப்படறதுக்கு ஒண்ணுமே இல்ல.”

“இல்ல.”

“அப்போ இத்தனை வருஷமா எதுக்குப் பயந்தீங்க?”

அவன் டேப்பை விட்டான். அது சரேலென்று சுருண்டு உள்ளே போயிற்று. அவள் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றே முக்கால்.

“நான் கிளம்பணும். கடை அஞ்சு மணிக்கு மூடிடுவான். வழக்கம்போல பாக்கலாம்னு சொல்லிட்டுப் போறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. படி வரைக்கும் ஒண்ணா இறங்கலாம்.”

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஆனால் நகரவில்லை. மேசையில் சாய்ந்தபடியே, பிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு நிற்பதுபோல, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறை சின்னது. பீரோ பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. ஜன்னல் மேற்கே பார்த்தது. வெயில் நேராக அவன் முழங்கால்மேல் விழுந்தது. இன்னும் கொஞ்ச நாள் தேடினால் இதைவிட நல்லதாக ஒன்று கிடைக்கலாம். அவன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

“இதோட ஜோடி அங்க சும்மாதான் கிடக்கு” என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டான். “அதை எடுத்துக்கிட்டு… நானும் உன்கூடவே இங்க வந்துடட்டுமா?”